ஆபீஸுக்கும் அதே பைக், கொல்லிமலைக்கும் அதே பைக்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு என்ன?

திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ். சனிக்கிழமை விடியற்காலை ஈசிஆரில் ஒரு ரவுண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை பையைக் கட்டிக்கிட்டு நாலைந்து நாள் மலைப் பயணம். இந்த மூணுக்கும் சேர்த்து ஒரே ஒரு பைக் வாங்கத்தான் பணம் இருக்கு, ஒரே ஒரு பைக் நிறுத்தத்தான் இடமும் இருக்கு. அப்போ எதை வாங்குறது?

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு, மூணு வருஷம் ஆன பலரும் மாட்டிக்கொள்ளும் கேள்வி இது. யூடியூபில் பத்து ரிவ்யூ பார்த்தால் பத்து பைக்கும் நல்ல பைக்காகத்தான் தெரியும். அதில் பொய்யும் இல்லை. இன்று 250 சிசி முதல் 450 சிசி வரை இந்தியாவில் விற்கும் பைக்குகளில், மோசம் என்று ஒதுக்க வேண்டியவை குறைவு. ஆனால் அந்த ரிவ்யூக்களில் பெரும்பாலானவை காலியான ஹைவேயிலும் மலைப்பாதையிலும் எடுக்கப்பட்டவை. நீங்கள் ஓட்டப்போவது வேறு ரோட்டில்.

தேர்வு தப்பினால் அதற்கான விலையை மூணு வருஷம் இஎம்ஐயாகக் கட்ட வேண்டியிருக்கும். தினமும் மணிக்கட்டு வலி, தொடையில் இன்ஜின் சூடு, பின்னாடி உட்கார மறுக்கும் வீட்டுக்காரர் என்று மற்ற செலவுகளும் உண்டு. அதனால் ஷோரூமுக்குப் போகும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மூன்றுக்கும் ஒரே பைக் என்பது ஏன் கஷ்டம்?

மூன்று வேலைக்கும் தேவைப்படும் உடல்வாகு வேறு வேறு.

சிட்டி டிராஃபிக்குக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். கால் தரையில் நன்றாகப் படிய வேண்டும். கிளட்ச் லேசாக இருக்க வேண்டும். இரண்டாவது கியரில் 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தாலும் இன்ஜின் திணறாமல் இழுக்க வேண்டும்.

நெடும் பயணத்துக்குப் பெரிய டேங்க், நிமிர்ந்து உட்காரும் நிலை, அகலமான சீட், பை கட்ட இடம், எதிர்க்காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடி வேண்டும். 

ஸ்போர்ட்டியாக ஓட்ட, இறுக்கமான சஸ்பென்ஷன், சட்டென்று திரும்பும் 17 இன்ச் சக்கரம், லேசாக முன்னால் சாய்ந்த நிலை, மேல் ஆர்பிஎம்மில் சீறும் இன்ஜின் வேண்டும்.

இவை ஒன்றோடு ஒன்று மோதும். முன்னால் சாய்ந்து உட்காரும் பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 90, 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று உங்கள் மார்பைத் தாங்கிப் பிடிக்கும், கைகளில் பாரம் தெரியாது. அதே பைக்கில் 20 கி.மீ. வேகத்தில் போனால் தாங்கக் காற்று இல்லை. உடம்பின் மேல்பாதி எடை மணிக்கட்டில் இறங்கும். ஹைவேயில் சுகமாக இருந்த அதே நிலை சோழிங்கநல்லூர் சிக்னலில் வலியாகிவிடும்.

டேங்கும் அப்படித்தான். 17 லிட்டர் நிரப்பினால் பெட்ரோல் மட்டும் 12 கிலோவுக்கு மேல். அதுவும் பைக்கின் மேல்பகுதியில். நீண்ட பயணத்தில் அது நிம்மதி. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இரண்டு கார்களுக்கு நடுவே பின்னால் தள்ளி எடுக்கும்போது அது பாரம்.

ஆக, மூன்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கும் பைக் கிடையாது. எதில் விட்டுக்கொடுப்பது என்பதுதான் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. அதற்கு ஒரு சின்னக் கணக்கு உதவும்.

முதலில் உங்கள் வருஷக் கணக்கைப் போடுங்கள்

ஒருவருக்கு ஓஎம்ஆரில் வேலை என்று வைத்துக்கொள்வோம். போக வர தினமும் 36 கி.மீ. வாரம் 5 நாள், வருஷம் 48 வாரம். மொத்தம் 8,640 கி.மீ. வருஷத்துக்குப் பத்து வார இறுதிகளில் தலா 200 கி.மீ. ரைடு என்றால் 2,000 கி.மீ. ஒரு பெரிய டூர் 1,500 கி.மீ. கூட்டினால் 12,140 கி.மீ. இதில் ஆபீஸ் ஓட்டம் 71 சதவீதம்.

இதையே நேரமாக மாற்றிப் பாருங்கள். டிராஃபிக்கில் சராசரி வேகம் மணிக்கு 24 கி.மீ. என்றால் ஆபீஸ் ஓட்டத்துக்கு 360 மணி நேரம். ரைடும் டூரும் சராசரி 50 கி.மீ. வேகத்தில் என்றால் 70 மணி நேரம். மொத்தம் 430 மணி நேரத்தில் 360 மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட 84 சதவீதம், டிராஃபிக்கில்தான் கழிகிறது.

உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். வீட்டிலிருந்தே வேலை செய்பவர், மெட்ரோவில் ஆபீஸ் போகிறவர் என்றால் கணக்கு தலைகீழாக மாறும். அவர் தைரியமாக டூரிங் பைக் வாங்கலாம். ஆனால் கணக்கைக் கிலோமீட்டரில் மட்டும் போடாதீர்கள், மணி நேரத்திலும் போடுங்கள். உடம்புக்குத் தெரிவது மணி நேரம்தான்.

சிசியை விட்டுவிட்டு இந்த ஐந்து எண்களைப் பாருங்கள்

‘எத்தனை சிசி?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஆனால் பிரவுச்சரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்கள்தான் உங்கள் தினசரி அனுபவத்தைத் தீர்மானிக்கும்.

1. எடை: பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்த்த ‘கெர்ப்’ எடையைப் பாருங்கள். கேடிஎம் 390 டியூக் சுமார் 168 கிலோ. சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 167 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ, ஹிமாலயன் 450 சுமார் 196 கிலோ. ஓடும்போது 28 கிலோ வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மழையில் யூ-டர்ன் போடும்போதும், சாய்வான இடத்தில் நிறுத்தி எடுக்கும்போதும் தெரியும்.

2. சீட் உயரம்: மீட்டியோர் 350-ல் 765 மி.மீ., ஹண்டர் 350-ல் 790 மி.மீ., ஹிமாலயன் 450-ல் 825 மி.மீ., வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸில் 835 மி.மீ. உங்கள் உயரம் ஐந்தரை அடிக்குக் கீழ் என்றால் இந்த எண்தான் முதல் வடிகட்டி. உயரம் மட்டும் போதாது, சீட்டின் அகலத்தையும் பாருங்கள். குறுகலான சீட் என்றால் 20 மி.மீ. கூடுதல் உயரம்கூடச் சமாளிக்கலாம். சீட் அகலமாக இருந்தால் கால் விரிந்து, தரை எட்டாது.

3. டார்க் எந்த ஆர்பிஎம்மில் வருகிறது: டார்க் என்பது இழுவைத் திறன். ஹோண்டா ஹைனெஸ் சிபி350-ல் 30 நியூட்டன் மீட்டர் டார்க் 3,000 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸில் 22.2 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,300 ஆர்பிஎம்மில். முதலாவது டிராஃபிக்கில் கியரை அடிக்கடி மாற்றாமல் ஊர்ந்து போகும். இரண்டாவதில் கியரைக் குறைத்து, இன்ஜினைச் சுழலவிட்டால்தான் வேகம் வரும். ஆனால் ஹைவேயில் 90-ஐத் தாண்டிய பிறகு முதலாவதில் மிச்சம் கொஞ்சம்தான். இரண்டாவது அப்போதுதான் உற்சாகமாகும்.

4. முன் சக்கரம்: 17 இன்ச் என்றால் சட்டென்று திரும்பும், டயர் தேர்வும் அதிகம். 21 இன்ச் என்றால் பள்ளத்தில் விழாமல் உருண்டு போகும், ஆனால் கொண்டை ஊசி வளைவில் நிதானமாகத்தான் திரும்பும். 19 இன்ச் இரண்டுக்கும் நடுவில். ஸ்பீடு 400, 390 டியூக் ஆகியவை 17. வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், ஸ்கிராம்ப்ளர் 400 எக்ஸ் ஆகியவை 19. ஹிமாலயன் 450-ல் 21.

5. டேங்க் அளவு: தனியாகப் பார்க்காமல் மைலேஜோடு பெருக்கிப் பாருங்கள். 11 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 30 கி.மீ. என்றால் 330 கி.மீ. தமிழ்நாட்டுக்குள் சுற்ற அது தாராளம். இங்கே ஹைவே ஓரமெல்லாம் பங்க் இருக்கிறது. அதற்கு முன்பே உங்கள் முதுகு ‘டீ குடிக்கலாம்’ என்று சொல்லிவிடும்.

எந்த வகை யாருக்கு?

350 சிசி ரெட்ரோ பைக்குகள்: கிளாசிக், ஹண்டர், மீட்டியோர், ஹோண்டா சிபி350 வரிசை. எல்லாமே 20, 21 பிஎஸ் பவர்தான். டிராஃபிக்கில் சாது. 80, 90 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்கப் போகும். எடை அதிகம், வேகமான வளைவுகளுக்கு ஏற்றவை அல்ல. ‘நிதானமா ஊர் சுற்றணும், பின்னாடி அம்மாவோ மனைவியோ சௌகரியமா உட்காரணும்’ என்பவர்களுக்கு இவை போதும். ஸ்போர்ட்டி என்ற சொல்லை மறந்துவிடத் தயாராக இருக்க வேண்டும்.

250 முதல் 310 சிசி: சுஸுகி ஜிக்ஸர் 250, வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்டிஆர் 310. எடை 170 கிலோவுக்குள். ஜிக்ஸரும் வி-ஸ்ட்ராமும் 26.5 பிஎஸ், ஆர்டிஆர் 310-ல் 35.6 பிஎஸ். மூன்று வேலையையும் ஓரளவு செய்யும் பைக்குகள் அதிகம் இருப்பது இந்த வகையில்தான். டூர் முக்கியம் என்றால் வி-ஸ்ட்ராம். வளைவுகள் முக்கியம் என்றால் ஆர்டிஆர்.

400 சிசி ரோட்ஸ்டர்கள்: டிரையம்ப் ஸ்பீடு 400 (40 பிஎஸ்), கேடிஎம் 390 டியூக் (46 பிஎஸ்), பஜாஜ் டொமினார் 400 (40 பிஎஸ்). ஸ்பீடு 400-ன் எடை 180 கிலோவுக்குள், டொமினார் 193 கிலோ. சக்தியும் எடையும் நல்ல விகிதத்தில் இருப்பதால் ஹைவேயில் லாரியை ஓவர்டேக் செய்ய யோசிக்க வேண்டியதில்லை. மூன்றும் லிக்விட் கூல்டு. சிக்னலில் ஃபேன் ஓடினால் சூடான காற்று காலில் அடிக்கும். சென்னை மே மாதத்தில் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அட்வென்ச்சர் பைக்குகள்: ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர். மோசமான ரோடு, பெரிய சாமான், நீண்ட தூரம் மூன்றுக்கும் பொருத்தமானவை. சீட்டும் எடையும் உங்கள் உடம்புக்குப் பொருந்தினால் டிராஃபிக்கிலும் ஒரு நன்மை உண்டு: உயரமாக உட்கார்ந்திருப்பதால் முன்னால் நிற்கும் கார்களுக்கு மேலே பார்வை போகும். பொருந்தவில்லை என்றால் ஒவ்வொரு சிக்னலும் ஒரு பரீட்சை.

650 சிசி இரட்டை சிலிண்டர்: இன்டர்செப்டர் 650-ல் 47 பிஎஸ், 52 நியூட்டன் மீட்டர் டார்க். ஹைவேயில் அதன் சுகமே தனி. 200 கிலோவுக்கு மேல் எடை. தினமும் 36 கி.மீ. டிராஃபிக் ஓட்டுபவருக்கு இது இரண்டாவது வண்டியாக இருந்தால்தான் சரி.

மேலே போட்ட கணக்கில் வந்த அந்த ஓஎம்ஆர் ஆளுக்கு எது? 84 சதவீத நேரத்தை டிராஃபிக்கில் கழிப்பவர், மிச்ச நேரத்தில் கொஞ்சம் வேகமும் வேண்டும் என்பவர் என்றால், 180 கிலோவுக்குள், நிமிர்ந்து உட்காரும், 17 அல்லது 19 இன்ச் முன் சக்கரம் உள்ள பைக். அதாவது இரண்டாவது வகை, பட்ஜெட் அனுமதித்தால் மூன்றாவது வகையில் எடை குறைந்தவை.

350 என்ற கோடு: பணம் எங்கே மாறுகிறது?

2025 செப்டம்பர் 22 முதல் பைக்குகளுக்கான ஜிஎஸ்டி மாறிவிட்டது. 350 சிசி வரை 28 சதவீதமாக இருந்த வரி 18 ஆகக் குறைந்தது. 350 சிசிக்கு மேல், செஸ்ஸோடு சேர்த்து 31 சதவீதமாக இருந்தது 40 ஆக உயர்ந்தது.

வரிக்கு முந்தைய விலை 2,00,000 ரூபாய் உள்ள இரண்டு பைக்குகளை ஒப்பிட்டால், 349 சிசி பைக் 2,36,000 ரூபாய். 399 சிசி பைக் 2,80,000 ரூபாய். 44,000 ரூபாய் வித்தியாசம் வரியில் மட்டுமே. வரி உயர்வின் ஒரு பகுதியைச் சில நிறுவனங்கள் தாங்களே ஏற்றதும் உண்டு. அதனால் ஆன்-ரோடு விலையைக் கேட்டு வாங்கி ஒப்பிடுவதுதான் சரி.

இன்ஷூரன்ஸிலும் அதே கோடு. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, புது பைக்குக்கு எடுக்க வேண்டிய ஐந்து வருஷ தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ், 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய். 350-ஐத் தாண்டினால் 15,117 ரூபாய்.

இங்கேதான் 310 சிசி பைக்குகள் கவனிக்க வேண்டியவை ஆகின்றன. 400 சிசிக்கு அருகில் வரும் பவர், ஆனால் வரி 18 சதவீதம்.

பெட்ரோல் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருஷம் 12,000 கி.மீ. ஓட்டினால், லிட்டருக்கு 40 கி.மீ. தரும் பைக்குக்கு 300 லிட்டர், 28 கி.மீ. தரும் பைக்குக்குச் சுமார் 429 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 12,900 ரூபாய் வித்தியாசம். மாதம் ஆயிரத்துக்கு மேல்.

ஷோரூமில் பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி டயர் விலை. அகலமான ரேடியல் டயர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விலையும் அதிகம், தேய்வதும் சீக்கிரம். பின் டயர் என்ன விலை, கிளட்ச் பிளேட் என்ன விலை, சர்வீஸ் எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை, சொந்த ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்ற நாலு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். தீபாவளிக்குத் திருநெல்வேலி போன இடத்தில் பிரச்சினை வந்தால், கடைசிக் கேள்வியின் அருமை புரியும்.

எவ்வளவு பவர் தேவை?

ஐரோப்பிய நாடுகளில் பைக் லைசென்ஸ் படிப்படியாகத்தான் கிடைக்கும். முதல் படியில் 125 சிசி, 11 கிலோவாட். அடுத்த படியில் 35 கிலோவாட், அதாவது சுமார் 47 பிஎஸ். அதற்குப் பிறகுதான் பெரிய பைக். இந்தியாவில் அப்படிப் படிகள் இல்லை. கியர் பைக் ஓட்டும் லைசென்ஸ் ஒன்று இருந்தால் போதும். நேற்றுவரை 110 சிசி ஸ்கூட்டர் ஓட்டியவர் இன்று 46 பிஎஸ் பைக்கை ஷோரூமிலிருந்து ஓட்டிக்கொண்டு வரலாம். சட்டம் தடுக்காது. அதனால் அந்தப் படிகளை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் டூவீலரில் வந்தவர்கள். நூற்றுக்கு 44 பேருக்கு மேல். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னாடி உட்கார்ந்து வந்தவர்கள்.

சட்டப்படி எவ்வளவு வேகம் போகலாம் என்பதையும் பாருங்கள். மத்திய அரசின் 2018 அறிவிக்கையின்படி நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு உச்சவரம்பு 80 கி.மீ. சென்னைக்குள் 2023 நவம்பரில் அறிவித்த வரம்பு, டூவீலருக்கு 50 கி.மீ., குடியிருப்புத் தெருக்களில் 30 கி.மீ. எக்ஸ்பிரஸ்வேயில் பறக்கலாம் என்ற எண்ணம் இருந்தால், பெங்களூரு–மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குக்கு அனுமதியே கிடையாது. சர்வீஸ் ரோடுதான்.

80 கி.மீ. வேகத்தைத் தொட்டு அங்கேயே நிற்க 20 பிஎஸ் போதும். அப்போ கூடுதல் பவர் வீணா? அப்படியும் இல்லை. பின்னாடி ஆள், இரண்டு பை, முன்னால் ஏற்றத்தில் திணறும் லாரி. அங்கே சீக்கிரம் ஓவர்டேக் செய்து பாதைக்குத் திரும்ப 30, 35 பிஎஸ் உதவும். எதிர்ப்பாதையில் இருக்கும் நேரம் குறையும். அதற்கு மேல் உள்ள பவர் பெரும்பாலும் சந்தோஷத்துக்கு. சந்தோஷம் தப்பில்லை. ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும் என்ற கணக்கு எல்லா பைக்குக்கும் ஒன்றுதான்.

அதனால் பவருக்குச் செலவழிக்கும் முன் பிரேக்கைப் பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் தனித்தனியாக வேலை செய்யும் டூயல் சேனல் ஏபிஎஸ் இருக்கிறதா? மழையில் பிடிக்கும் டயரா? ஐஎஸ்ஐ முத்திரை உள்ள இரண்டு நல்ல ஹெல்மெட், கையுறை, ஒரு ரைடிங் ஜாக்கெட் ஆகியவற்றுக்கு ஆன்-ரோடு விலைக்கு மேல் 20,000 ரூபாயாவது ஒதுக்கி வையுங்கள். அந்தப் பணம் இடிக்கிறது என்றால், ஒரு படி கீழே உள்ள பைக்கைப் பார்ப்பது நல்லது.

உண்மையிலேயே வேகமாக ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசையா? ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீள, 12 வளைவுகள் கொண்ட ரேஸ் டிராக் இருக்கிறது. கோவையில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பயிற்சியாளரோடு டிராக்கில் ஒரு நாள் ஓட்டினால் பிரேக், வளைவு, பார்வை மூன்றும் மாறும். ஈசிஆரில் ஆடு, பஸ், யூ-டர்ன் போடும் கார் எல்லாம் உண்டு. அங்கே கற்றுக்கொள்ளக் கூடாது.

டெஸ்ட் ரைடில் என்ன பார்க்கணும்?

ஷோரூமைச் சுற்றி ஐந்து நிமிஷம் ஓட்டுவது டெஸ்ட் ரைடு ஆகாது. சாயங்காலம் ஆறரை மணிக்கு, டிராஃபிக் உச்சத்தில் இருக்கும்போது கேளுங்கள். தர மறுத்தால், அந்த பைக்கை வாடகைக்கு எடுத்து ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது நல்ல முதலீடு. பெரிய ஊர்களில் வாடகை பைக்குகள் கிடைக்கின்றன.

இன்ஜினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே பைக்கைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். அடுத்து, கால் ஊன்றாமல் ஒரு யூ-டர்ன். லேப்டாப் பையை மாட்டிக்கொண்டே ஓட்டுங்கள். சிக்னலில் நிற்கும்போது தொடையிலும் கணுக்காலிலும் சூடு எப்படி என்று கவனியுங்கள். கிளட்சை இருபது முறை பிடித்து விட்டுப் பாருங்கள், விரல்கள் சொல்லும். 40 கி.மீ. வேகத்தில் ஸ்பீடு பிரேக்கர் வருவதாக நினைத்து பிரேக் பிடித்துப் பாருங்கள். முன்பக்கம் எவ்வளவு முங்குகிறது என்று தெரியும்.

யார் பின்னாடி அடிக்கடி உட்காரப் போகிறாரோ, அவரையும் கூட்டிப் போங்கள். அவர் முழங்கால் எங்கே இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா, ஏறி இறங்க முடிகிறதா என்று அவரையே கேளுங்கள். கைப்பிடியும், கால் வைக்க இடமும், பின் சக்கரத்தில் சேலை சிக்காமல் காக்கும் மறைப்பும் மத்திய மோட்டார் வாகன விதி 123-ன்படி கட்டாயம். லுக் கெடுகிறது என்று சாரி கார்டைக் கழற்றுவது வழக்கமாகிவிட்டது. புடவையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுக் கழற்றுங்கள்.

இரண்டு பைக் பிடித்துப் போனால், இரண்டையும் ஒரே நாளில், ஒரே ரோட்டில் ஓட்டுங்கள். வாரம் விட்டு வாரம் ஓட்டினால் முதல் பைக்கின் சூடும் அதிர்வும் மறந்துபோய், சவுண்டு மட்டும் ஞாபகத்தில் நிற்கும்.

ஆனா, லடாக் போகணுமே?

பலர் கனமான அட்வென்ச்சர் பைக் வாங்குவதற்கு உண்மையான காரணம் இதுதான். மணாலி–லே பாதையில் தண்டி என்ற இடத்தில் உள்ள பங்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில் என்று சொல்லும் பலகை ரைடர்கள் மத்தியில் பிரபலம். அப்படிப்பட்ட பயணத்துக்கு 17 லிட்டர் டேங்கும், 230 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸும் உள்ள ஹிமாலயன் 450 பொருத்தமான வண்டி. அது தயாராவது நம் சென்னைக்குப் பக்கத்தில் என்பது கூடுதல் பெருமை.

ஆனால் லடாக் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை? ஐந்து வருஷத்தில் ஒரு முறை, பத்து நாள் என்று வையுங்கள். லேயிலேயே பைக் வாடகைக்குக் கிடைக்கும். தூரம் அதிகம் என்பதால் சென்னையிலிருந்து தங்கள் பைக்கை ரயிலில் பார்சல் போடுபவர்களும் உண்டு. பத்து நாள் தேவைக்காக ஐந்து வருஷம் தினமும் 30 கிலோ கூடுதலாகத் தள்ள வேண்டியதில்லை. தினமும் தேவைப்படுவதை வாங்குங்கள், எப்போதாவது தேவைப்படுவதை வாடகைக்கு எடுங்கள்.

70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கோ, 40 வளைவுகள் உள்ள வால்பாறைக்கோ இந்தக் கவலை வேண்டாம். நல்ல ரோடு, குறைந்த வேகம், தொடர்ந்து வளைவு. எடை குறைந்த 250 சிசி பைக் அங்கே 200 கிலோ பைக்கைவிட அதிக சந்தோஷம் தரும்.

சுருக்கமா சொன்னா...

மணி நேரக் கணக்கைப் போடுங்கள். அதிக நேரம் செய்யும் வேலையில் தொந்தரவு தராத பைக்குகளை மட்டும் பட்டியலில் வையுங்கள். எடை, சீட் உயரம் பார்த்துப் பட்டியலைச் சுருக்குங்கள். 350 சிசி கோட்டைத் தாண்ட வேண்டுமா என்று ஆன்-ரோடு விலையோடு யோசியுங்கள். மிஞ்சியதில் எது டூருக்கும் வளைவுக்கும் உங்களுக்குப் பிடிக்கிறதோ, அதை எடுங்கள்.

கடைசியாக, மனசுக்குப் பிடித்திருக்க வேண்டும். பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடக்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்க்க வைக்கும் பைக்கைத்தான் ஒழுங்காக சர்வீஸ் விடுவீர்கள், செயினுக்கு நேரத்துக்கு லூப் அடிப்பீர்கள், டயரில் காற்று பார்ப்பீர்கள். அந்த ஆசைக்கும் பட்டியலில் இடம் கொடுங்கள். முதல் வடிகட்டியாக வேண்டாம், கடைசி வடிகட்டியாக.